குணமானவர்கள் நீங்கலாக

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தொன்று உருவான வரலாற்றை வருங்காலச் சந்ததியினர் அறிந்துகொள்வது அவசியம் எனக் கருதி இதை எழுதுகிறேன்.

கண்டுபிடித்தவர் ஒரு வேதியியலாளர். நாட்டுக்காக அல்ல, மனைவிக்காக. அந்த அம்மாள் நெஞ்செரிச்சலால் படுக்க முடியாமல் பத்து வருஷமாக உட்கார்ந்தே தூங்குகிறவர். பதினோராவது வருஷம் மாத்திரை தயாரானது. ஆனால் பரிசோதிக்காத மாத்திரையை யாரும் விழுங்கக் கூடாதே! மருந்து அனுமதி அலுவலகம் நாற்பது எரிச்சல்காரர்களைச் சேர்த்தது. மனைவி ஏழாம் எண்.

முதல் வாரமே முப்பத்தொன்பது பேர் நெஞ்சைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். ஏழாம் எண் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டார். வேதியியலாளர் துள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே அதிகாரி முப்பத்தொன்பது பெயர்களையும் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார் இது?”

“விதி நாலு. பரிசோதனையில இருக்கிறவங்களுக்கு எரிச்சல் இருக்கணும். இவங்களுக்கு இல்லையே.”

“மருந்து சாப்பிட்டதால போயிடுச்சு சார்!”

“எதால போனா என்ன? தகுதி போச்சு, அவ்வளவுதான்.”

மிஞ்சியவர் ஒருவர். மாத்திரை கசக்கிறதென்று தினமும் பூந்தொட்டியில் போட்டுவந்தவர். செடி நன்றாகவே இருந்தது. அவருக்குத்தான் எரிச்சல் போகவில்லை. ஆகவே, ‘இறுதிவரை நிலைத்தோரில் நூற்றுக்கு நூறு பேருக்கும் மருந்து பயனளிக்கவில்லை’ என்று அறிக்கை வெளியாயிற்று. இனி தயாரிக்கத் தடை. இருந்த மாத்திரைகள் உரிய மரியாதையுடன் சாக்கடையில் கரைக்கப்பட்டன. மனைவி மறுபடி எழுந்து உட்கார்ந்தார்.

வேதியியலாளர் ஒரு வாரம் விதி நாலையே திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு புத்தி வந்தது. முக்கால் பங்கு மாவு சேர்த்துப் புது மாத்திரை செய்தார். அது எரிச்சலைக் காலையில் கொஞ்சம் தணிக்கும்; சாயங்காலம் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவந்துவிடும். நாற்பது பேரும் கடைசிவரை தகுதியோடு இருந்தார்கள். நாற்பது பேரும் ‘தேவலாம்’ என்றார்கள்.

அதிகாரி எழுந்து கைகுலுக்கினார். “இதுதான் சார் மருந்து! ஒரு ஆள் குறையல பாருங்க!”

இன்று நாகரிகமான வீடுகளில் சாப்பாட்டு மேஜையில் உப்புக்குப் பக்கத்தில் அந்த டப்பா இருக்கிறது. “நமக்கு தினம் ரெண்டு, உங்களுக்கு?” என்று பெருமையாக விசாரித்துக்கொள்கிறோம். நான் மூன்று போடுகிறேன். பதவி உயர்வு வந்ததிலிருந்து.

வேதியியலாளருக்கு விருது கொடுத்தார்கள். வீடு திரும்பியபோது மனைவி தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பழைய மாத்திரை ஒண்ணுகூட மிச்சம் இல்லையாங்க?”

“அதுவா?” பதக்கத்தைக் கழற்றாமலே அவர் சொன்னார். “அது வேலை செய்யாதுன்னு நிரூபிச்சாச்சேம்மா.”