புள்ளி ஞானிக்குத் தலை போன நாள்

எங்கள் பஸ் டிப்போவில் அறுபத்திரண்டு பேருக்கு மூளையில் ஓட்டை. நான் சொல்லவில்லை, புள்ளி ஞானி சொன்னார். நான் சொல்லியிருந்தால் அறுபத்திரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பின்னி எடுத்திருப்பார்கள். ஞானி சொன்னார் என்பதால் கைகட்டி வரிசையில் நின்று, கட்டணமும் கட்டி, "ரொம்ப சந்தோஷம் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அறுபத்திரண்டில் நானும் ஒருவன். டிப்போவின் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் ஏமாறமாட்டான் என்று நினைப்பவர்கள் என் இடது மணிக்கட்டை வந்து பார்க்கலாம். செம்பு வளையம் போட்ட இடத்தில் இன்னும் பச்சை போகவில்லை.

அவரை டிப்போவுக்குள் கொண்டுவந்தது கேன்டீன் அக்கா. பதினைந்து வருடத் தலைவலியை ஒரே ஊதலில் போக்கினாராம். அந்தத் தலைவலிக்கு அவள் சாப்பிட்ட மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மேனேஜர் முதலில் முறைத்தார். ஞானி அவரையே முதல் ஆளாகச் சோதித்தார். மேனேஜருக்கே மூளையில் ஓட்டை என்று தெரிந்த பிறகு டிரைவர்களின் ஓய்வறையைத் திறந்துவிட என்ன தடை?

திங்கள்கிழமை கடையைப் போட்டார். நீளச் சட்டைக்கு மேல் டாக்டர் கோட்டு. நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டு, அதுதான் புள்ளியாம். பக்கத்து ஸ்டூலில் களிமண்ணால் செய்து ரோஸ் நிறம் பூசிய ஒரு மூளை. அதில் ஒரு துண்டு அடிக்கடி கழன்று விழும். ஞானியின் மைத்துனர் பசை வைத்து ஒட்டிக்கொண்டே இருப்பார். மூளையின் ஓட்டையை அடைக்க வந்தவர்களால் அந்த ஒரு துண்டை மட்டும் நிரந்தரமாக ஒட்ட முடியவில்லை.

புதன்கிழமைக்குள் வரிசை டீசல் பம்ப்பைத் தாண்டிவிட்டது. மனைவி, மச்சான், மாமியார் என்று ஊழியர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பஸ்கள் தாமதமாகக் கிளம்பின. பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. நான் 'ஞானம்' என்று எழுதினேன்.

சோதனை இதுதான். கையகல அட்டை. இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, வலது பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி.

"இடது கண்ண மூடிக்க. வலது கண்ணால பெருக்கல் குறிய மட்டும் பாரு. புள்ளியப் பாக்கக் கூடாது. அட்டைய மெல்ல மொகத்துகிட்ட கொண்டு வா" என்றார் ஞானி.

கொண்டு வந்தேன். ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டிருந்த புள்ளி, சட்டென்று இல்லை. அந்த இடத்தில் வெள்ளை அட்டைதான் இருந்தது. எனக்கு முதுகு சில்லிட்டது.

"மறஞ்சிடுச்சா?"

"மறஞ்சிடுச்சு சாமி!"

"ஓட்டை!" என்று மைத்துனர் சத்தம் போட, வரிசையே "அய்யய்யோ" என்றது.

பிறகு பரிகாரம். நெற்றியில் வெதுவெதுப்பாக எண்ணெய், உச்சந்தலையில் மூன்று ஊதல், மணிக்கட்டில் ஒரு செம்பு வளையம். முடிந்ததும் அதே அட்டையை நீட்டினார். "இப்ப ரெண்டு கண்ணையும் நல்லாத் தெறந்து, பெருக்கல் குறியப் பாரு. புள்ளி இருக்கா?"

"இருக்கு சாமி! இருக்கு!"

"அடஞ்சிடுச்சு!"

கவனித்தீர்களா? முதலில் ஒரு கண், பிறகு இரண்டு கண். நாங்கள் கவனிக்கவில்லை. அறுபத்திரண்டு பேரும், அதில் பாதிப் பேர் சாலையில் கண்ணை வைத்துப் பிழைக்கும் டிரைவர்கள், ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு மனிதர் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தார். அவர் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. நாங்கள் கூப்பிடுவது 'நிதானம்'. இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர், ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை. பஸ்ஸை எடுக்குமுன் சுற்றி ஒரு நடை நடந்து, டயரைத் தட்டி, குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர், ஞானி எல்லோருக்கும் கொடுத்தனுப்பிய அட்டையை எடுத்து, முதலில் செய்ததுபோலவே இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறார். புள்ளி மறைந்துவிட்டது. மனிதர் வெலவெலத்துப்போனார். மறுநாள் காலையிலேயே ஞானியிடம் ஓடினார்.

அந்த நேரம் நானும் அங்கே இருந்தேன். ஞானியின் முகம் ஒரு நொடி வெளுத்தது. சரிபார்க்கிற ஆள் ஒருவர் வந்துவிட்டாரே! ஆனால் தொழில்காரர், சமாளித்துவிட்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் அடஞ்சது ஒனக்கு மட்டும் திரும்பத் தெறந்திருக்கு. இது சாதாரண ஓட்டை இல்ல. இனிமே நீ ஸ்டியரிங்கத் தொட்டா ஒரு உயிர் போகும். நான் சொல்லிட்டேன், அப்பறம் ஒன் பாடு" என்றார்.

ஊரையே நம்பவைத்த பொய்யை ஒருவர் நேர்மையாகச் சோதித்ததற்குக் கிடைத்த தண்டனை அது. நிதானம் சாவியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நான்கு நாள் பஸ் கழுவினார். வீட்டில் முதுகு வலி என்று சொல்லிவைத்தார். ஐந்தாம் நாள் காலையில் ஒரு கடிதம் நீட்டினார். வேலையை விடுகிறாராம்.

"என்னண்ணே இது? ரிட்டயராக மூணு வருஷந்தானே பாக்கி?"

"மூணு வருஷத்துல எத்தன கொழந்தைங்க ரோட்டக் கடக்கும், தம்பி? எனக்குப் பயமா இருக்கு. பத்து மணிக்கு மேனேஜர் வந்ததும் குடுத்துடு."

என் மணிக்கட்டில் செம்பு வளையம் கனத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

அங்கேதான் நிதானத்தின் மனைவிக்கு வேலை. டிப்போ பஸ்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுவது அவள்தான். கண்ணாடிக்காரி என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். ஞானியிடம் போகாத மிகச் சிலரில் ஒருத்தி. "எனக்கு வேலை கெடக்கு" என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

கடிதத்தைப் படித்தாள். முகம் சிவந்தது. "முதுகு வலின்னு சொன்னாரே, பாவி மனுஷன்! நாலு நாளாத் தைலம் தேச்சு விடுறேன்!"

"திட்டுறத அப்பறம் வச்சுக்கோம்மா. பத்து மணிக்குள்ள ஏதாவது செய்யணும்."

"அந்த அட்டையக் குடுங்க."

என் சட்டைப் பையிலிருந்த அட்டையை வாங்கினாள். இடது கண்ணை மூடிப் பார்த்தாள். புள்ளி மறைந்தது. அவள் அலறவில்லை. அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வலது கண்ணை மூடிப் பார்த்தாள். அப்போதும் மறைந்தது. இரண்டு கண்ணையும் திறந்தாள், புள்ளி இருந்தது. என் வளையத்தைக் கழற்றச் சொன்னாள். "இப்ப ஒத்தக் கண்ணால பாருங்க." மறைந்தது. "மாட்டிக்கிட்டுப் பாருங்க." அப்போதும் மறைந்தது.

"அண்ணே, ஒங்க ஓட்டை அடையவே இல்ல!"

நான் வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பயப்படாதீங்க. எனக்கும் இருக்கே! இது நம்ம பஸ்ஸுக்கு இருக்கிற கோளாறுதான்ணே. பெரிய கண்ணாடியில முன்வாசல் பக்கம் ஒரு எடம் விழாது. அங்க ஒரு ஆளே நின்னாலும் டிரைவருக்குத் தெரியாது. அதுக்குத்தானே ஓரத்துல சின்ன உருண்டைக் கண்ணாடி ஒட்டறேன்? ஒரு கண்ணுல விழாத எடம் இன்னொரு கண்ணுல விழுது. அவ்வளவுதான். பஸ்ஸுக்குப் பேயா புடிச்சிருக்கு?"

டிப்போவில் எல்லா டிரைவருக்கும் பஸ்ஸின் தெரியாத இடம் தலைகீழ்ப் பாடம். பயிற்சியில் முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். தன் கண்ணுக்கும் அப்படி ஒரு இடம் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒர்க்ஷாப்பைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். முதலில் ஒரு வாளியை மறைத்தாள். பிறகு தூரத்தில் நின்ற ஃபோர்மேனைப் பார்த்து, கண்ணைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினாள். "அண்ணே! ஃபோர்மேன் தலை போச்சு!" என்று கையைத் தட்டினாள். எனக்கு அவள் போக்கு புரிந்தது. ஒரு சிவப்புத் துணியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஓய்வறையில் கூட்டம் நெருக்கியடித்தது. ஞானி பச்சைச் சுவரில் சாய்ந்து, பெஞ்சின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நிதானம் ஒரு மூலையில் துடைப்பத்தோடு நின்றார். மனைவியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஞானி, ஒங்க அட்டைய நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள் கண்ணாடிக்காரி.

"நான் சோதிக்கிறவன். என்னைச் சோதிக்க ஆள் கெடையாது."

"சரி, அப்ப அசையாம ஒக்காருங்க. நாங்க பாத்துக்கறோம்."

அவர் தலைக்கு ஒரு மீட்டர் தள்ளி, எங்கள் பார்வைக்கு இடப்பக்கமாக, சுவர் ஆணியில் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டாள். நான்கு மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டாள்.

"டைம்கீப்பர் அண்ணே, கோட்டுல நில்லுங்க. இடது கண்ண மூடிக்கங்க. சிவப்புத் துணிய மட்டும் பாருங்க. கொஞ்சம் முன்ன... இன்னும் ஒரு சாண்..."

ஞானியின் கழுத்துவரை இருந்தது. அதற்குமேல் பச்சைச் சுவர்.

"போச்சு!" என்று கத்திவிட்டேன்.

"என்ன போச்சு?"

"தலை போச்சு! ஞானிக்குத் தலையே இல்ல!"

அதன்பிறகு வரிசையை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. கண்டக்டர்கள் பார்த்தார்கள், கிளீனர்கள் பார்த்தார்கள், மாமியார்கள் பார்த்தார்கள். "எனக்கும் போச்சு!" "எனக்குக் காது மட்டும் தெரியுது." "கொஞ்சம் பின்னாடி போ, அதுவும் போயிடும்." "கோட்டு மட்டும் ஒக்காந்திருக்கு பாருடா!" மேனேஜர் வந்தார், கண்ணை மூடினார், "ஆமாய்யா" என்றார். கேன்டீன் அக்கா மட்டும் தயங்கித் தயங்கி நின்று பார்த்தாள். "அடப்பாவி, தலையே இல்லாத ஆளா என் தலையில ஊதுனது?" என்றாள். ஞானி எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தார். அவர் எந்தப் பக்கம் நெளிந்தாலும் பின்வரிசையில் யாராவது ஒருவருக்குத் தலை போய்க்கொண்டிருந்தது.

"இவ்வளவு பேரு பாத்து தலை போச்சு, ஆளு உயிரோடதான இருக்காரு? புள்ளி போனா மட்டும் ஒரு உயிரு எப்படிப் போகும்?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி. "வளையம் போட்டவங்க எல்லாரும் அட்டைய எடுங்க. ஒத்தக் கண்ணால பாருங்க."

அறுபத்திரண்டு செம்பு வளையங்கள் எழுந்தன. யாருக்குமே புள்ளி தங்கவில்லை. அன்றுதான் புதிதாக வந்த ஒரு மச்சானை இழுத்துவந்து, எண்ணெய் வைக்காமல், ஊதாமல், இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கச் சொன்னாள். அவனுக்குப் புள்ளி பளிச்சென்று இருந்தது. அவன் ஓட்டை இலவசமாகவே அடைபட்டுவிட்டது.

கடைசியாக நிதானம் வந்து கோட்டில் நின்றார். மெதுவாகக் கண்ணை மூடினார். அவர் எதையும் மெதுவாகத்தான் செய்வார். ஞானியின் தலை போனதும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தாங்க" என்றாள் மனைவி.

"ஒனக்கும்?"

"எனக்கும். இனிமே எங்கிட்ட மறைச்சீங்கன்னா ஒங்க தலையும் போயிடும்."

மனிதர் துடைப்பத்தை வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க அழுதார். எனக்கும் கண் கலங்கியது. கடிதத்தை எடுத்துக் கிழித்தேன். பிறகு சாவியைக் கொடுத்தேன்.

டிப்போவுக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் கண் டாக்டரிடம் பின்னால் இதைக் கேட்டேன். கண் பார்த்ததையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு, கண்ணின் பின்சுவரில் ஓரிடத்தில் வெளியேறுகிறதாம். அந்த இடத்தில் ஒளியை வாங்க எதுவும் இல்லை. மூளைக்கு வெற்றிடம் பிடிக்காது, பக்கத்தில் இருக்கும் நிறத்தையே இழுத்து அங்கே பூசிவிடும். பச்சைச் சுவர் என்றால் பச்சை, வெள்ளை அட்டை என்றால் வெள்ளை. பார்த்தது பாதி, மூளை பூசியது மீதி. "எனக்கும் இருக்குங்க" என்று டாக்டர் சிரித்தார்.

அன்றைக்கு ஞானியும் மைத்துனரும் பெட்டி கட்டினார்கள். களிமண் மூளையின் கழன்ற துண்டு பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. வாங்கிய கட்டணத்தை மேனேஜர் முன்னால் வைத்துவிட்டு, வெளியே போகிற முதல் பஸ்ஸில் அவசரமாக ஏறினார்கள். நிதானம் வழக்கம்போலச் சுற்றி ஒரு நடை நடந்து, டயரைத் தட்டி, குனிந்து அடியில் பார்த்து, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

கேன்டீன் அக்கா ஜன்னலைத் தட்டினாள். "சாமி, இவரு ஓட்டினா உயிரு போகும்னீங்களே. எறங்கலையா?"

ஞானி எங்களைப் பார்க்கவில்லை. கண்டக்டரிடம், "ரெண்டு டிக்கெட்" என்றார்.

நாங்கள் நான்கு நாள் நடுங்கிய வாக்கை அந்த ஆள் ஒரு நொடிகூட நம்பியதில்லை. பஸ் குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பதிவேட்டில் தாமதக் காரணக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஒவ்வொரு கண்ணிலும் ஓட்டை எல்லோருக்கும் இருக்கிறது. அது இயற்கை. அடுத்த முறை யாராவது "ஒரு கண்ணை மூடிக்கோ" என்று சொன்னால், முதலில் இரண்டு கண்ணையும் திறந்து அவர் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அனேகமாக அது உங்கள் சட்டைப் பையில் இருக்கும்.