குதிரையில் பதினாறில் ஒரு பங்கு

பரிசு வாங்கப் போகிறவன் புத்தகம் படிக்கிற ஆளாக இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவன் வாங்கும் பரிசு, பெறுகிறவருக்குத் தேவையானதாக இருக்காது. கொடுக்கிறவன் ஒரு மணி நேரம் விளக்கம் சொல்வதற்கு வசதியானதாக இருக்கும். எங்கள் ஐந்தாவது திருமண நாளுக்கு என் மனைவி பத்மாவுக்கு நான் கொடுத்த பரிசுக்கு இந்த வசதி நிறையவே இருந்தது. அதற்கு நான்கு கால்களும் இருந்தன.

எதற்கும் தேதி போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. (ஊறுகாய் பாட்டில் மூடியில்கூட எழுதி வைப்பேன். பத்மா அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள்.) ஆகவே ஆண்டு பற்றிச் சந்தேகம் வேண்டாம்: 1973, அக்டோபர் கடைசி. மொன்ட்ரியாலில், லாசால் பகுதியில், மூன்றாம் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தோம். நான் பாலங்களின் வரைபடங்களைச் சரிபார்க்கும் பொறியாளன். பத்மா வீட்டில் இருந்தாள். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை.

என் இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் வாரந்தோறும் கூட்டம் நடக்கும். பிரெஞ்சும் ஆங்கிலமுமாகப் பேசி முடித்துவிட்டு, யாருக்கெல்லாம் சம்மதம் என்று கேட்பார்கள். நான் சுற்றிலும் பார்ப்பேன். நான்கு கைகள் உயர்ந்தால் ஐந்தாவது கை என்னுடையதாக இருக்கும். புதிய நாட்டில் தனித்துத் தெரியக் கூடாது என்பது என் கொள்கை. இந்தக் கொள்கையினால் ஒருமுறை பனித்தரை ஹாக்கி ஆட்டக் குழுவில் உறுப்பினராகிவிட்டேன். (எனக்குச் சாதாரணத் தரையிலேயே சரியாக ஓட வராது.)

பத்மா கேட்டது ஒரு கிரைண்டர். இட்லி மாவை அவள் பழச்சாறு அடிக்கும் இயந்திரத்தில் போட்டு அரைப்பாள். அது பாதியில் சூடாகிப் புகைவிடும். ஈரத்துணி போட்டு ஆற வைத்து மறுபடி ஓட்டுவாள். "மாவு அரைக்க ஒரு வழி பண்ணுங்க" என்று ஆடி மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலக நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்தார். பந்தயக் குதிரை ஒன்றைப் பதினாறு பேர் சேர்ந்து சொந்தமாக்கிக்கொள்ளும் திட்டம். பங்குதாரர்கள் ஞாயிறுதோறும் லாயத்துக்குப் போய்க் குதிரையைப் பார்க்கலாம். கிரைண்டர் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், மனைவிக்குக் குதிரை வாங்கிக் கொடுத்தவன் எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்று எனக்குப் பட்டது. நூலகத்துக்குப் போய்க் குதிரைகள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஊரிலிருந்து நான் கொண்டுவந்திருந்த பழைய நூல்களில் ஒன்று குதிரைகளின் அங்க லட்சணங்களைச் சொல்வது. அதையும் படித்தேன். நாசமானது அங்கேதான்.

லாயம் நகரத்துக்கு வெளியே இருந்தது. லூசியன் என்ற பயிற்சியாளர் மூன்று குதிரைகளைக் காட்டி, எதில் பங்கு வேண்டும் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றின் பிறந்த தேதியையும் நேரத்தையும் கேட்டேன்.

"ஜனவரி ஒன்று" என்றார்.

"மூன்றுமா?"

"எல்லாக் குதிரையும்தான். அது பந்தயக் கணக்கு. எப்போது பிறந்தாலும் ஜனவரி ஒன்றில் ஒரு வயது கூடும்."

ஜாதகம் பார்க்கும் வழி அடைபட்டது. ஆகவே சுழி பார்த்தேன். ஊரில் மாட்டுக்குப் பார்ப்பதுபோல, கையில் டார்ச் விளக்கோடு, கோட்டும் டையும் அணிந்துகொண்டு ஒவ்வொரு குதிரையையும் சுற்றி வந்தேன். லூசியன் என்னை அரசாங்கக் கால்நடை மருத்துவர் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். ரோசலீ என்ற பழுப்பு நிறப் பெண்குதிரையின் நெற்றியில் இரட்டைச் சுழி இருந்தது. என் நூலின்படி அது அரசர்களுக்கு வெற்றி தரும் குதிரை.

"இதையா?" என்று லூசியன் கேட்டார். அவர் கேட்ட விதத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

திருமண நாள் அன்று பாயசத்துக்குப் பிறகு உறையை நீட்டினேன். கிரைண்டர் ரசீது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பிரித்தாள்.

"என்னங்க இது?"

"குதிரை."

"எங்க?"

"லாயத்துல இருக்கு. அதுல பதினாறுல ஒரு பங்கு உனக்கு."

பத்மா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "எந்தப் பங்கு? வாலா?"

நான் விளக்கத் தொடங்கினேன். தயாரித்து வைத்திருந்த ஒரு மணி நேர உரையில் கால்வாசி முடிவதற்குள் அவள் எழுந்து போய் உளுந்தை அந்த இயந்திரத்தில் போட்டு ஓட்டினாள். அன்று அது வழக்கத்தைவிட அதிகமாகப் புகைந்தது.

ரோசலீ பந்தயத்தில் ஓடியதை நாங்கள் ஒருமுறை பார்த்தோம். இங்கே குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கர வண்டி கட்டி, அதில் ஆள் உட்கார்ந்து ஓட்டுவார். மற்றக் குதிரைகள் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன பிறகு ரோசலீ வந்து சேர்ந்தது. கோயில் தேர் நிலைக்கு வருவதுபோல, யாருக்காகவும் அவசரப்படாமல் வந்தது.

"அரசர்களுக்கு வெற்றி தரும்னீங்க" என்றாள் பத்மா. "எந்த நாட்டு அரசர்?"

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "என் பங்கு எதுன்னு பாத்துட்டு வரேன்" என்று அவளே லாயத்துக்குக் கிளம்பினாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில், கேரட்டின் தழையை வெட்டிப் போடும் கடைக்காரர்களிடம் பை நிறைய வாங்கி வருவாள். பேருந்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் துணைக்குப் போய் வெளியே புத்தகத்தோடு நிற்பேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, குளிரில் வெளியே நிற்க முடியாமல் உள்ளே போனேன். பத்மா முதுகு காட்டி நின்று, ரோசலீயின் கழுத்தைத் தடவிக்கொண்டே தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலைல வத்தக்குழம்பு வச்சேன். நல்லா வந்துச்சு. ஆனா சாப்பிட ஒருத்தர்தான். அவரும் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டே சாப்பிடுவாரு. நல்லாருக்கா இல்லையான்னு தெரியவே தெரியாது."

ரோசலீயின் காதுகள் அவள் பக்கம் திரும்பியிருந்தன. நான் சத்தம் போடாமல் வெளியே வந்து குளிரிலேயே நின்றேன். லாசாலில் எங்கள் தெருவில் பகல் முழுவதும் அவள் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

மார்ச் மாதம் லூசியனிடமிருந்து தொலைபேசி வந்தது. ரோசலீயின் முன்னங்கால் தசைநார் அறுந்துவிட்டது, இனி ஓடாது, விற்பது பற்றி முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமை பங்குதாரர்கள் கூடுகிறார்கள் என்றார். நான் பத்மாவிடம், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் பசும்புல் வெளிக்கு அனுப்பப்படும் என்று விளக்கினேன். (படித்திருந்தேன். அது இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் குதிரையைப் பற்றியது.)

"புல்வெளின்னா குளிருமே. ஒரு கம்பளி வாங்கிக் குடுப்போம்" என்றாள்.

சந்தையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கடை உண்டு. வாசலுக்கு மேலே பொன்னிறத்தில் குதிரைத் தலை. ஐந்து வருடங்களாக அந்த வழியே போகும்போதெல்லாம் அது சேணமும் கடிவாளமும் விற்கும் கடை என்று நான் பத்மாவுக்குச் சொல்லி வந்திருந்தேன். எந்த ஆதாரமும் இல்லாமல், முழு நம்பிக்கையோடு சொல்லி வந்திருந்தேன். அங்கே போனோம்.

உள்ளே வெள்ளை ஓடு பதித்த சுவர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கருஞ்சிவப்பாக இறைச்சி வரிசை வரிசையாக அடுக்கியிருந்தது. வெள்ளை மேலங்கி போட்ட மனிதர் "பொன்ழூர்!" என்று வணக்கம் சொல்லி அன்பாகச் சிரித்தார். நாங்கள் இருவரும் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர்கள். என் மூளை நின்றுவிட்டது. ஆனால் வழியெல்லாம் தயார் செய்திருந்த வாக்கியம் தானாகவே வாயிலிருந்து வந்தது.

"எங்களிடம் ஒரு குதிரை இருக்கிறது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக, "என்ன எடை இருக்கும்?" என்று கேட்டார்.

பத்மா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"விக்கப் போறாங்கன்னா, யாருக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்கலை."

"போன்ல என்னதான் சொன்னீங்க?"

"வெரி குட்னு சொன்னேன்."

 

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிவஞானம் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை, பிரெஞ்சு நன்றாகத் தெரியும். பகலெல்லாம் வேலையில் இருப்பதால் பார்ப்பது அரிது. பத்மாவே போய் அவரை அழைத்தாள். அவர் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் என்னைக் கண்ணாடியில் பார்த்து, "தம்பி, பொஞ்சாதிக்குக் குதிரை வாங்கிக் குடுத்த ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். புகழ்ச்சியாகத் தெரியவில்லை.

கூட்டம் ஓர் உணவகத்தின் பின்னறையில் நடந்தது. பதினாறு பங்குகளுக்கும் ஆட்கள் வந்திருந்தார்கள். லூசியன் வருத்தமாகவே பேசினார். கால் சரியாகாது, லாயத்தில் இடம் இல்லை, வாங்க ஆள் இருக்கிறது என்றார். யார் அந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார்.

கைகள் உயர்ந்தன. நான் சுற்றிலும் பார்த்தேன். பிறகு நடந்ததை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. என் வலது கை எழுந்தது. கட்டைவிரலிலிருந்து தோள்வரை அலுவலகக் கூட்டத்தில் எழுவதுபோலவே நேராக எழுந்தது. பங்குகூட என்னுடையது இல்லை, பத்மாவுடையது.

"தம்பி! கையைக் கீழ போடும்!" என்று சிவஞானம் அண்ணை சீறினார்.

பத்மா என்னைப் பார்த்தாள். என் முழங்கையைப் பிடித்து இறக்கி மேசைமேல் வைத்து, அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். புடவைக்கு மேல் கனத்த கோட்டு, காலில் பனிச் சப்பாத்து.

"அண்ணே, நான் தமிழ்ல சொல்றேன். நீங்க அவங்களுக்குச் சொல்லுங்க."

"ஓம், சொல்லுங்கோ பிள்ளை."

"இது ஓடாதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். ஓடணும்னு நான் இத வந்து பாக்கலை. நான் பேசினா இது கேக்கும், அதுக்காக வந்தேன். ஓடாததெல்லாம் கடைக்குத்தான்னா, நானும் இந்த ஊருல அஞ்சு வருஷமா ஓடலை. நின்ன இடத்துலயே நிக்கிறேன். அத இவரும் கவனிக்கலை."

அறையில் மற்ற யாருக்கும் ஒரு சொல்லும் புரிந்திருக்காது.  சிவஞானம் அண்ணை பிரெஞ்சில் சொன்னார். உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மேசைக் கடைசியில் இருந்த மதாம் தெரேஸ் என்ற பருத்த அம்மாள், மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர், பேசினார். சிவஞானம் அண்ணை மொழிபெயர்த்தார்.

"தன்ர கொட்டில்ல இடம் இருக்காம். குதிரைய வச்சிருக்கிறாவாம். ஆனா புருசனுக்கு முதுகு ஏலாதாம். சனிக்கிழமையில சாணி அள்ள ஆள் வேணுமாம். ஆர் வருவினம் எண்டு கேக்கிறா."

ஒரு கைகூட உயரவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்மா என் முழங்கையை விட்டாள். "இப்பத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன்.

திரும்பி வரும்போது, அவள் பேசியதை அப்படியே சொன்னாரா என்று அண்ணையிடம் மெதுவாகக் கேட்டேன். "எல்லாம் சொன்னனான். கடைசி வசனத்தை மட்டும் விட்டிட்டன்" என்றார். "அது உமக்குச் சொன்னதெல்லோ?"

அதன் பிறகு பல வருடங்கள் என் சனிக்கிழமைகள் சாணியிலும் வைக்கோலிலும் கழிந்தன. நாங்கள் மறுத்துப் பார்த்தும் கேட்காமல் பங்குதாரர்கள் எல்லோரும் தங்கள் பங்குகளைப் பத்மாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வம்சத்தில் முதல் ஆளாக மனைவிக்கு முழுக் குதிரை கொடுத்த பெருமை இப்படித்தான் எனக்கு வந்தது. சாப்பிடும்போது புத்தகம் பார்ப்பதை நிறுத்தினேன். மண்வெட்டி பிடித்த கைக்குச் சனிக்கிழமை இரவுகளில் புத்தகம் தூக்கவும் முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டரும் வந்து சேர்ந்தது. அதைப் பிரித்ததும் பத்மா கேட்ட முதல் கேள்வி: "முழுசா, பங்கா?"

எங்கள் மகள் சுதா அந்தக் கொட்டிலில்தான் நடை பழகினாள். பிரெஞ்சு வாடை அடிக்கும் தமிழில் அவள் முதலில் கற்ற முழு வாக்கியம் "அப்பா, கையைக் கீழ போடுங்க" என்பது. வீட்டுக்கு வரும் விற்பனையாளரிடம் நான் தலையாட்டினால் சொல்வாள். விருந்தில் மூன்றாவது முறை சோறு வாங்கினாலும் சொல்வாள். இப்போது அவள் பிள்ளைகளும் சொல்கிறார்கள். காரணம் தெரியாமலே.

ரோசலீ 1979 இலையுதிர் காலத்தில், நின்றபடியே அல்ல, படுத்து, அமைதியாகப் போனது. மதாம் தெரேஸ் முற்றத்தில் நின்று கேட்டார்: வழக்கம்போல, செத்த மாடுகளை ஏற்றிப்போகும் வண்டிக்காரரைக் கூப்பிடவா, அல்லது வேலியோரத்தில் குழி தோண்டலாமா? குழி என்றால் பெரிய வேலை, யார் தோண்டுவது?

இந்த முறை நான் சுற்றிலும் பார்க்கவில்லை. கையைத் தூக்கினேன்.

பத்மா பக்கத்தில்தான் நின்றாள். கீழே போடச் சொல்லவில்லை.