காட்டுப்பாக்கத்துக் கற்றல் குழாய்

"மாணவர்கள் வலைப்பூ வழியாகச் சுயமாகச் சிந்திக்க வேண்டும், எதைச் சிந்திக்க வேண்டும் என்பதற்கு மாதிரி இணைக்கப்பட்டுள்ளது" என்று மேலிடத்திலிருந்து ஆணை வந்தது.

காட்டுப்பாக்கம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆக்னஸ் டீச்சரின் எட்டாம் வகுப்பு, 'இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் பள்ளி' என்று மாதிரியைப் பார்த்துச் சுயமாகச் சிந்தித்தது. சுதா மட்டும், "பொண்ணுங்க பாத்ரூம் குழாய்ல தண்ணி வர்ல. அதுக்குப் பயந்துகினு நாங்க காலைலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்ல" என்று எழுதிவிட்டாள்.

அந்தக் குழாய்க்காக டீச்சர் போட்ட மனுவெல்லாம் போன இடம் தெரியவில்லை. இதாவது போய்ச் சேரட்டும் என்று அப்படியே வலைப்பூவில் ஏற்றிவிட்டார்.

பள்ளிக்கு எதிர் ஃப்ளாட் ஷோபனா மேடம் படித்தார், அழுதார், பகிர்ந்தார். ஃப்ளாட்டே அழுதது. நம்பினால் நம்புங்கள், ஐ.டி. கம்பெனிகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருதரம் அழுவது வழக்கமாகிவிட்டது. குழாய்க்குள் சிலந்தி குடிவந்ததைச் சுதா எழுதினாள், லைக் கொட்டியது. மாநிலச் சிறந்த வலைப்பூ என்று கேடயம் வந்தது. தண்ணீர்தான் வரவில்லை.

பொறுக்கமாட்டாமல் டீச்சரே பிளம்பர் யூசுப்பைக் கூட்டிவந்தார். அவர் ஸ்பேனரை வைக்கவும், வலைப்பூக் கண்காணிப்பு அலுவலர் பார்த்தசாரதி ஓடிவரவும் சரியாக இருந்தது.

"யோவ், கைய எடுய்யா! அது கற்றல் துணைக்கருவி!"

"இன்னா சார், குழாய் சார் இது!"

"தண்ணி வந்தாத்தான்யா குழாய். வராதவரைக்கும் துணைக்கருவி."

"துரு அடச்சிகினு கீது. அஞ்சு நிமிசத்து வேல."

"அஞ்சு நிமிஷத்துல மாநில விருதையே ஒழிச்சிடுவ போலிருக்கே!"

"புள்ளைங்க பாவம் சார்" என்றார் டீச்சர்.

"அந்தப் பாவம்தாம்மா பதிவுக்கே உயிர்!"

ஷோபனா மேடமும் வந்து கெஞ்சினார்: "தண்ணி வந்துட்டா சுதா எதை எழுதுவா மிஸ்? எங்க க்ரூப்பே காத்துக்கிட்டிருக்கு."

யூசுப் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரமே புது ஆணை: பள்ளிதோறும் தண்ணீர் வராத குழாய் ஒன்று பராமரிக்கப்பட வேண்டும். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்த பள்ளிகளிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

கோடை வந்தது. ஷோபனா மேடம் காலிக் குடத்தோடு ஓடிவந்தார். "மிஸ், எங்க ஃப்ளாட்ல போர் வத்திடுச்சு. லாரியும் வரல. உங்க ப்ளாக்ல கொஞ்சம் போடுங்களேன்!"

சுதா போட்டாள். எட்டாம் வகுப்பு மொத்தமும் லைக் தட்டியது. யூசுப்பும் அழுகிற முகம் ஒன்று போட்டார். பார்த்தசாரதி, 'அருமையான நடை' என்றார்.

ஆக்னஸ் டீச்சர் யோசித்து யோசித்துக் கருத்துப் பெட்டியில் எழுதினார்: 'மனதைத் தொட்டது. தண்ணீர் மட்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம்.'