கருவாட்டுக் குழம்பும் கொரியன் நூடுல்ஸும்

கொர்னேலியஸ் அன்று காலை ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். உலகத்தை ருசி பார்த்துவிடுவது! உலகம் வெகு தூரத்தில் இல்லை. பெங்களூரில், அவர் ஆபீஸ் வாசலில், மஞ்சள் வேனாக நின்றுகொண்டிருந்தது. வேனின் நெற்றியில் 'ஏஷியன் ஃபுட்' என்று எழுதியிருந்தது. அவர் வீடு இருக்கும் கோரமண்டலும் ஏஷியாவில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கோரமண்டலில் சாப்பிட்டால் யாரும் போட்டோ எடுப்பதில்லையே!

அவரை உசுப்பிவிட்டது பக்கத்து மேஜை நிக்கோல். "டெய்லி அதே டப்பாவா அங்கிள்? ஒரு நாளாச்சும் எங்களோட அந்த ஃபுட் ட்ரக்குக்கு வாங்க."

குறுக்கே நின்றது மனைவி இசபெல்லா கட்டிக்கொடுக்கும் மத்தியானச் சாப்பாடு. அதை மிச்சம் வைத்தால் அவள் கத்த மாட்டாள், அழ மாட்டாள். சமைப்பதை நிறுத்திவிடுவாள். ஒரு முறை சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னதற்கு, வாரம் முழுக்க பன்னும் டீயும்தான். கொர்னேலியஸுக்கு ட்ரக்கும் வேண்டும், இசபெல்லாவின் கை ருசியும் போகக் கூடாது.

வழி, தினமும் ஆபீசுக்குப் போகும் ரயிலிலேயே கிடைத்தது. முதல் ஸ்டேஷன் மாரிகுப்பத்தில் ஏறி, துண்டு போட்டு அவருக்கு ஜன்னலோரம் பிடித்து வைக்கும் சிரில், கல்யாணமாகாதவர். கேண்டீனில் காலம் தள்ளுகிறவர்.

"சிரில், இத இன்னிக்கி நீ சாப்ட்டுரு. சாய்ந்தரம் டப்பா மட்டும் குடு. வூட்டுல மூச்சு விடாத."

"இன்னா கொழம்புண்ணா?"

"கருவாடு, கத்திரிக்கா."

"நீங்க நல்லாருக்கணும்ணா!"

மத்தியானம் ட்ரக்கில் கிரண் என்ற பையன் தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு கொரியன் நூடுல்ஸ் நீட்டினான். கூடவே இரண்டு குச்சி. குச்சியால் சாப்பிட்டதில் பாதி கொர்னேலியஸின் டைக்குப் போயிற்று.

"இன்னாமோ வாசன வருதே, தம்பி?"

"ஃபிஷ் சாஸ் அங்கிள். மீன உப்புல போட்டு மாசக்கணக்கா ஊற வெப்பாங்க."

கருவாடு நாறுகிறது என்று வீட்டு டப்பாவைத் திறக்கவே கூசிய மனுஷன், அதே வாசத்தை நின்றுகொண்டு உறிஞ்சிவிட்டு, "ஆகா!" என்றார். நிக்கோல் போட்டோ எடுத்தாள்.

சாயந்தரம் சிரில் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல வளர்ப்பு. சோப்பு போட்டுத் தேய்த்து, துடைத்து, பளபளவென்று கொடுத்தார். வந்தது வினை.

"இன்னாங்க, டப்பா கழுவிக்கீது?" என்றாள் இசபெல்லா.

"நான்தான் கழுவுனேன். உனுக்கு எதுக்கு கஷ்டம்னு."

"குடிச்ச டம்ளர நவுத்தி வெக்காத ஆளு, டப்பா கழுவுனீங்களா?"

"ஆபீசுல சும்மாத்தான இருந்தேன்..."

"ஓ."

அந்த ஓவோடு விட்டுவிட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தார் கொர்னேலியஸ். பாவம், அவருக்கு இன்னும் இசபெல்லாவைத் தெரியவில்லை.

வாரம் முழுக்க ட்ரக். வெள்ளிக்கிழமைக்குள் நாக்கு மரத்துப் போயிற்று, வயிறு தனியாகப் பேச ஆரம்பித்தது. திங்கள் முதல் வீட்டுச் சாப்பாடுதான் என்று அவர் மனசுக்குள் சத்தியமே செய்துவிட்டார். ஞாயிறன்று சர்ச் வாசலில் இசபெல்லா, டப்பா யார் கைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, சிரிலைப் பிடித்தாள். திட்டவில்லை, மிரட்டவில்லை.

"கொழம்புல காரம் ஜாஸ்தியா தம்பி?"

"கரெக்டா இருந்துச்சுக்கா! ரயில்ல எல்லாரும் எங்களுக்கும் கெடைக்குமான்னு கேக்கறாங்க."

கொர்னேலியஸ் ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"கோவமா இசபெல்லா?" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"கோவம் எதுக்குங்க? நல்ல வழி காட்டிக்கீறீங்க."

அந்த நல்ல வழி திங்கட்கிழமை காலை வாசலில் தயாராக நின்றது. இரண்டு பெரிய துணிப்பை. உள்ளே வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ரயில் கூட்டாளி ஒருவரின் பேர். பையின் மேல் பெரிசாக அவளுடைய போன் நம்பர். சிரில் மூலமாக எல்லாரும் மாசச் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். தூக்கிக்கொண்டு போக ஆளும் வீட்டிலேயே இருந்தது.

"இது ஆபீசு நிக்கோலுக்கு. உங்க போன்லருந்து பேசுனேன், ட்ரக்கு போட்டோவ அனுப்புச்சு, அந்தப் பொண்ணும் வேணும்னுச்சு."

"என்னுது எங்க கீது?"

"உங்குளுக்குத்தான் ட்ரக்கு கீதே!"

மத்தியானம் ட்ரக் பக்கத்தில் நிக்கோல் டப்பாவைத் திறந்தாள். கொர்னேலியஸ் குச்சியோடு எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார். வேனுக்குள்ளிருந்து கிரண் தலையை நீட்டினான். "ஸ்மெல் சக்கத்தா, சூப்பரா இருக்கே! எனக்கு இந்த நூடுல்ஸப் பாத்தாலே வெறுப்பா இருக்கு அங்கிள்." சொல்லிவிட்டு, பையிலிருந்த நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை பையில் ஒரு டப்பா கூடியிருந்தது. கொர்னேலியஸின் முகம் மலர்ந்தது. என்ன இருந்தாலும் தாலி கட்டியவன் அல்லவா, மனசு இறங்கிவிட்டாள் என்று ஆசையாகக் கையில் எடுத்தார்.

"அது கிரணுக்குங்க," என்றாள் இசபெல்லா. "லேட் பண்ணாம குடுத்துருங்க. அவுரு சாப்ட்டு முடிச்சாதான் உங்குளுக்கு நூடுல்ஸ் போடுவாராம்."