ஆடி கழிந்தால் பனிமலை

ஆடி மாதத்தைச் சொன்னால் தப்பிவிடலாம் என்றுதான் விக்னராஜா நினைத்தான்.

ஆடியில் எங்கள் ஆட்கள் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, பனிமலைப் பயணமும் அதில் அடங்கும் என்று, பனிச்சறுக்கப் போவோம் வா என்று கூப்பிட்ட முதலாளி பிரிச்சார்டிடம் பணிவாக எடுத்துச் சொன்னான். பிரிச்சார்ட் முகம் சுளிக்கவில்லை. சாஸ்திரத்தை மதிக்கத்தான் வேண்டும் என்று உடனே ஒத்துக்கொண்டு, ஆடி எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார். ஓகஸ்ட் நடுவில் என்று இவனும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான். பயணம் ஓகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போனது.

"இந்த நாட்டில ஓகஸ்ட் கடைசியிலதான் தம்பி பனி நல்லா ஆழமாக் கிடக்கும்," என்று அன்று பின்னேரமே அரியரத்தினம் வந்து சொல்லித் தொலைத்தார்.

இந்த அரியரத்தினம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். மெல்பேர்னுக்குப் பக்கத்து டண்டினோங்கில் தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவர் இயந்திரப் படம் வரைபவர். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பல கலியாணங்களைப் பேசி ஒப்பேற்றியவர். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்றால், ஒரு வேலைக்கு ஒரு பொய் சொல்லக் கூடாதா என்பது அவர் கட்சி. எழுபத்தைந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் விக்னராஜா எஞ்சினியர் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு மெல்பேர்ன் முழுக்கக் கதவு தட்டி ஓய்ந்திருந்தபோது, பிரிச்சார்டிடம் போய் மாப்பிள்ளை பேசுவதுபோலவே பேசினார். நல்ல குடும்பம், குடி கிடையாது, கணக்கில் புலி. முதலாளி இன்னும் யோசிப்பதைக் கண்டு சுவரைப் பார்த்தார். கம்பனியைத் தொடங்கிய கிழவர், பிரிச்சார்டின் மாமனார், பனிச்சறுக்குப் பலகைகளோடு மலையுச்சியில் நிற்கும் படம் அங்கே தொங்கியது.

"பெடியன் ஸ்கீ சறுக்கிறதிலயும் விண்ணன். இமயமலையில பழகினவன்," என்று ஒரு போடு போட்டார்.

யாழ்ப்பாணத்தில் விக்னராஜா கண்ட பனியெல்லாம் மார்கழி விடியலில் புல்லின்மேல் கிடந்ததுதான். வேலை கிடைத்து ஒரு மாதம் கழித்தே இந்த விஷயம் அவன் காதுக்கு வந்தது. அதற்குள் பிரிச்சார்ட் தன் சொந்தக் காரில் ஒரு ஹீற்றரைக் கொண்டுவந்து அவன் குடியிருந்த நோபல் பார்க் பிளாற்றில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். மனைவி இரஞ்சிதத்துக்குப் பிரசவ வலி கண்டபோது மிசிஸ் பிரிச்சார்ட்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், குழந்தை பிறக்கும்வரை தாய் மாதிரிக் கூடவே இருந்தாள். ஊர் பேர் தெரியாத இடத்தில் இப்படி ஒரு மனிதர் வாய்த்தாரே என்று விக்னராஜாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த மனிதரிடம் போய், நான் பொய் சொல்லி உள்ளே வந்தவன் என்று எந்த வாயால் சொல்வது? வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அவர் முகம் வாடிப்போகும் என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஆடி கைவிட்டதும் அடுத்த வழியையும் அரியரத்தினம்தான் சொல்லிக் கொடுத்தார். பிரிச்சார்ட் இவனுக்காகப் போக நினைத்திருந்தது, மலைமேல் இழுத்துப்போகும் கயிற்று நாற்காலியில் ஏறி, செப்பனிட்ட பாதையில் எல்லாரும் சறுக்குகிற இடத்துக்கு. அது தன் தகுதிக்குச் சரிவராது என்று சொல்லிவிட வேண்டுமாம்.

விக்னராஜாவும் கிளிப்பிள்ளைபோல் போய்ச் சொன்னான். இமயத்தில் மனிதக் கால் படாத பனியில் சறுக்கிப் பழகியவனுக்கு, சனக்கூட்டத்துக்கு நடுவே பாதை போட்ட பனியில் மனம் ஒட்டாது என்றான்.

பிரிச்சார்டின் முகம் விளக்குப்போட்டதுபோல் மலர்ந்தது. சனம் இல்லாத இடம்தான் தனக்கும் பிடிக்கும் என்றார். அனுபவசாலிகளை மட்டும் வழிகாட்டியோடு ஆளில்லா மலைக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, வருஷா வருஷம் தான் போவது அதில்தான், கயிற்று நாற்காலியும் இல்லை, பாதையும் இல்லை, வேடிக்கை பார்க்க ஒரு குருவிகூட வராது என்று சொல்லி, அந்த இடத்திலேயே போனை எடுத்து இரண்டு பேருக்குப் பதிவு செய்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

பிறகு விக்னராஜா முழங்கால் நோவு என்று பார்த்தான். அப்படியென்றால் மெதுவாக நடந்தே ஏறலாம், அவசரமே இல்லை என்று பிரிச்சார்ட் தேற்றினார். மரக்கறிச் சாப்பாடு என்றான். மலைக் குடிலுக்கு மிசிஸ் பிரிச்சார்ட் பருப்பு வாங்கி அனுப்பினாள். அவர்கள் அன்பு காட்டக் காட்ட இவனுக்குத் தப்பும் வழி அடைபட்டுக்கொண்டே போனது.

"உண்மையைச் சொல்லிப்போடுங்கோ," என்றாள் இரஞ்சிதம், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி. "வேலை போனா இன்னொண்டு தேடலாம். கால் போனா ஆர் தாறது?"

சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனான். வாயைத் திறக்குமுன் பிரிச்சார்ட் எழுந்து அவன் தோளில் கைபோட்டார். இந்த முறை உண்மையான வீரன் ஒருவன் கூட வருகிறான் என்று மாமனாருக்கு ஒரே சந்தோஷமாம், உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்றார். விக்னராஜா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினான். அன்றிரவு இரஞ்சிதம் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, மனிசன் முழுசாகத் திரும்பி வந்தால் மோதகம் அவிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள்.

மலையடிவாரத்தில் அவர்களை வரவேற்ற வழிகாட்டி ஹில்டா, ஒஸ்திரியாவிலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரி, அதிகம் பேசாதவள். விக்னராஜா ஊன்றுகோல்களைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்தாள். வாங்கி நேராக்கிக் கொடுத்தாள். பலகைகளை இப்போது காலில் மாட்ட வேண்டாம், உச்சிவரை தோளில் சுமந்து நடப்போம் என்று அவள் சொன்னபோது, அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்போல் அவனுக்கு இருந்தது.

பூட்ஸ் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். பின்னால் வந்த பிரிச்சார்டுக்கும் மூச்சு வாங்கியது. அனுபவசாலிக்கே இப்படியென்றால் மலை பொல்லாததுதான் என்று விக்னராஜா எண்ணிக்கொண்டான்.

உச்சியில் நின்று கீழே பார்த்தான். அது சரிவு அல்ல, சுவர். இரஞ்சிதமும் குழந்தையும் கண்முன் வந்தார்கள். ஹில்டா பலகைகளை இறக்கி வைத்தாள். பிரிச்சார்ட் கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். ஏனோ அவர் முகமும் வெளிறிக் கிடந்தது.

அப்போதுதான் மேற்கே துண்டு மேகம் ஒன்று விக்னராஜாவின் கண்ணில் பட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

"இந்த மேகம் எனக்குப் பிடிக்கவில்லை," என்றான், குரலைத் தாழ்த்தி. "இமயமலையில் இப்படி ஒன்றைக் கண்டால் அதற்குமேல் நாங்கள் ஓர் அடி வைப்பதில்லை."

"விக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்றார் பிரிச்சார்ட், இவன் வசனம் முடியுமுன்பே. "திரும்புவோம்."

ஹில்டா மேகத்தைப் பார்த்தாள். இருவரையும் பார்த்தாள். பிறகு பலகைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே இறங்கினாள்.

பிள்ளையார் கைவிடவில்லை. குடிலை எட்டும்போது மூடுபனி உண்மையாகவே இறங்கி மலை முழுவதையும் விழுங்கிவிட்டது. வாசலில் நின்று அதைப் பார்த்த பிரிச்சார்ட் விக்னராஜாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "என் உயிரைக் காப்பாற்றினாய், விக். நான் இருக்கும்வரை இந்தக் கம்பனியில் உனக்கு இடம் உண்டு," என்றார்.

விக்னராஜாவால் அதைத் தாங்க முடியவில்லை. நன்றி சொல்ல வேண்டியவன் தானாக இருக்க, அவர் நன்றி சொல்கிறாரே. சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. தட்டில் இருந்த பருப்பும் மிசிஸ் பிரிச்சார்ட் வாங்கித் தந்ததுதான். பிரிச்சார்ட் மாமனாருக்குப் போன் பேசப் போன நேரம் பார்த்து, பின்கட்டில் கையுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஹில்டாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். எனக்குப் பனிச்சறுக்கு ஒரு அடிகூடத் தெரியாது, இமயமலையைப் படத்தில் பார்த்ததோடு சரி, மேகம் என்று சொன்னதும் பொய், அதைத் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இறங்கினீர்களே, உங்களை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன் என்றான். நாளைக்கே முதலாளியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப்போவதாகவும் சொன்னான்.

ஹில்டா கையிலிருந்த கையுறையை உதறிக் கொடியில் போட்டாள்.

"நன்றி நான்தான் சொல்ல வேண்டும்," என்றாள். "பெரிய ஸ்கீ வீரன் என்று மாமனாரிடம் பொய் சொல்லித்தான் உங்கள் முதலாளி பெண் எடுத்தார், ஒவ்வொரு வருஷமும் அவர் அந்தப் பலகையைக் காலில் மாட்டாமல் திரும்பிப் போக நான்தான் ஒரு காரணம் தேடிப் பிடிக்க வேண்டும், இந்த வருஷம் எனக்கு அந்த வேலை இல்லாமல் செய்துவிட்டீர்கள்."