ஏழு அறிவிப்புகளுக்கு அடியில் ஓர் அறிக்கை

பெருமதிப்புக்கும் பெருங்கோபத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் சில்வண்டு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இது மன்னிப்புக் கடிதம். முதல் வரியிலேயே பொய் சொன்னால் மீதி வரிகளை நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனவே உள்ளது உள்ளபடி: நான் நலம், அம்மா பாதி நலம், அப்பாவைப் பற்றிக் கீழே வருகிறது. உங்கள் நலம், அத்தையின் நலம், உங்கள் முட்டிவலியின் நலம் மூன்றையும் அறிய ஆவல்.

நான் செய்த மூன்று தப்புக்கும் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால்தான் என் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னதாக அறிந்தேன். வரும் வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூடத்தில் இந்த வருடச் செலவு அறிக்கையைப் பொதுமக்கள் முன்னால் வாசிக்கப் போகிறீர்கள். ஊரில் குடியிருக்கும் யாரும் ஒரு கேள்வி கேட்கலாம். பதினெட்டு ஆகாதவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் கவுன்ட்டருக்கு வந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பதினாறுதான் ஆகிறது. வாய்க்கு மட்டும் அறுபது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் படிவத்தில் வாயின் வயதுக்குக் கட்டம் இல்லை. அம்மாவைக் கேட்டால், "என் தம்பி எழுதின அறிக்கைக்கு எதிரா நான் கையெழுத்துப் போடுவேனா? ஆளை விடு" என்கிறார். அப்பா தெருமுனையைத் தாண்டி எட்டு மாதம் ஆகிறது. ஆக, நகராட்சிக் கணக்குப் பிரிவின் தலைமை எழுத்தரே, உங்கள் அறிக்கையை நான் கேள்வி கேட்பதற்கு நீங்களே கையெழுத்துப் போட வேண்டிய நிலை. எனக்கே பாவமாகத்தான் இருக்கிறது.

முதல் தப்பு, நாற்காலி. போன வருடம் குரலை மாற்றி, "மேலிடத்திலிருந்து பேசுகிறோம், அலுவலக நாற்காலிகளை எடை போட வண்டி வருகிறது" என்று போனில் சொன்னது நான்தான். எதற்கு எடை என்று ஒரு வார்த்தை கேட்பீர்கள், மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் கேட்டது, "குஷனோடவா சார், குஷன் இல்லாமலா?" என்பது மட்டும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி, மத்தியானம் வரை வாசலில் நின்றீர்களாம். முட்டிவலி அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என்று அத்தை சொன்னார். நாற்காலிக்கும் முட்டிக்கும் சேர்த்து மன்னிப்பு. இதில் எனக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு: அன்றிலிருந்து நான் உங்கள் ஆபீஸ் பக்கம் எதைக் கேட்டாலும், "மறுபடி என்ன விளையாட்டு?" என்றுதான் பதில் வருகிறது.

இரண்டாவது தப்பைச் சொல்ல அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் யாரும் சொல்வதில்லை, அதனால் நான் எழுதியே வைக்கிறேன். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர் ஒரு நாள் காலையில் பாலத்து நடுவில் வண்டியை நிறுத்தி, ஹாண்ட்பிரேக் போட்டு, கண்டக்டரைப் பார்த்து "என்னால முடியலப்பா" என்று சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்குத்தான் உள்ளே எங்கேயோ கீறியிருந்தது. அப்புறம் நகராட்சி சுகாதார நிலையத்து மாடியில் கடைசி ரூம், இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சத்தம் போடும் ஒரு ஃபேன், சத்தமே போடாத ஒரு மனநல ஆலோசகர் அம்மா. செவ்வாய்க்கிழமை பத்து மணி. இலவசம். பதினோரு செவ்வாய் போனார் மாமா. நாலாவது வாரம் யாரும் சொல்லாமல் தானே சவரம் பண்ணிக்கொண்டார். ஏழாவது வாரம் என் ரிப்போர்ட் கார்டை வாங்கிப் பார்த்து, "இது மார்க்கா, பஸ் நம்பரா?" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் துடைக்கப் போகவில்லை. பன்னிரண்டாவது வாரம் போனால் கதவில் ஒரு பலகை: "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது."

அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது எட்டு மாதம். இன்னமும் செவ்வாய்க்கிழமை காலையில் சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். பன்னிரண்டு மணிக்குக் கழற்றுகிறார். "ஏம்ப்பா?" என்றால், "எப்ப வேணா தொறக்கலாம்ல, போர்டுல அப்படித்தானே போட்டிருக்கு" என்கிறார். பலகையை அந்த அளவுக்கு நம்பும் ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் நகராட்சித் தலைவர் ரூம் கதவில் மாட்டினேன். யாராவது பதறிப்போய், இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார்கள், கேட்டால் அந்த மாடி ரூம் ஞாபகம் வரும் என்பதுதான் திட்டம். தலைவர் வந்தார், படித்தார், "ஓ, அப்படியா" என்று வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் வந்தார், படித்தார், போனார். இரண்டு நாளில் ஒரு வேலையும் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் கோபமே வந்ததாம். காவல்காரர் என்னைப் பிடித்து உங்கள் முன்னால் நிறுத்தினார். பலகையை மாட்டியதற்கு மன்னிப்பு. தலைவருக்கு இரண்டு நாள் லீவு வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது தப்பு, நோட்டீஸ் போர்டு. பலகையால் மாட்டிக்கொண்ட அன்றைக்கு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ரூம் ஏன் மூடியிருக்கு, காசு எங்க போச்சுன்னு கேட்கிறியே, எல்லாம் அறிக்கையில இருக்கு. சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கோம். கண்ணு இருந்தா படி." எனக்கு இரண்டு கண் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். போர்டில் தெருநாய்த் தடுப்பூசி அறிவிப்புதான் இருந்தது. "அண்ணே, இதுக்கு அடியில என்ன இருக்கு?" என்று காவல்காரரைக் கேட்டேன். "போர்டு இருக்கு" என்றார். அப்புறம் அவரே உங்கள் ஆபீஸ் நடைமுறையை விளக்கினார். குண்டூசி டப்பா வருடத்துக்கு ஒன்றுதான் வருமாம். அதனால் புது அறிவிப்பு வந்தால் அதே நாலு ஊசியைப் பிடுங்கி, பழையதின் மேலேயே புதியதை வைத்து மறுபடி குத்திவிடுவார்களாம். பழையதை எடுத்தால் "முப்பது நாள் வைக்கவில்லை" என்று ஆகிவிடுமல்லவா? அதனால் எதையும் எடுப்பதில்லை. எல்லாம் சட்டப்படி போர்டிலேயேதான் இருக்கிறது, ஒன்றுக்கு அடியில் ஒன்றாக. உங்கள் அறிக்கை மேலே இருந்தது இருபது நிமிடமாம். அடியில் இருந்ததுதான் மீதி நாள் முழுக்க. நான் எதையும் கிழிக்கவில்லை மாமா, நாலு ஊசியைத்தான் உருவினேன். தடுப்பூசி, தண்ணீர் வராத நேரங்கள், காணாமல் போன டிபன் கேரியர் என்று ஏழு அறிவிப்பு காலடியில் விழுந்தது. எட்டாவதாக விழுந்தது அறிக்கை.

அதில் ஒரே ஒரு வரி. "மனநலச் சேவைகள்: ஒதுக்கிய தொகை முழுவதும் செலவிடப்பட்டது. பொதுமக்கள் பயன் பெற்றனர்." ஒதுக்கிய தொகை என்பது சரிதான், ஒதுக்குப்புறமாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் எந்தப் பொதுமக்கள்? தாளைத் திருப்பினேன். விவரமெல்லாம் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது. தாளை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணம், பாராட்டுகிறேன். ஆனால் பின்பக்கம் போர்டைப் பார்த்துக்கொண்டு இருந்ததால், இத்தனை நாளும் அதை ஆற அமரப் படித்தது அந்த மரப்பலகை மட்டும்தான். இந்த ஊரில் முழு விவரம் தெரிந்த ஒரே ஆள் அதுதான், அதுவும் வாய் திறக்காது. வரி கட்டும் கவுன்ட்டரில் மீன் தொட்டி, வரி கட்டுவோரின் மன இறுக்கம் தளர. தலைவர் அறைக்கு இளநீல பெயின்ட், மன அமைதிக்காக. மெயின் ரோட்டில் "புன்னகை செய்வீர்" என்று விளக்குப் போட்ட பலகை, அதற்கு மின்சாரக் கட்டணம். கடைசியாக, "ஆலோசகர் ஊதியம்" என்று எழுதி, எதிரே ஒரு சின்னக் கோடு. கோடி என்றிருந்தால்கூட எங்கே என்று தேடலாம். கோடு என்றால் என்ன செய்வது? அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் மாமா என் அப்பா ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கவுன்ட்டருக்கு ஓடினேன். அங்கிருந்த அக்கா வழக்கம்போல, "மறுபடி என்ன விளையாட்டு? போய்ப் படிம்மா" என்றார். "இது விளையாட்டில்லைக்கா, இந்தக் கோட்டைப் பத்தி ஒரு கேள்வி" என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்து, குரலைத் தணித்து, "ஏன், உங்க வீட்ல யாருக்காவது அப்படி…?" என்றார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். என் வாயில் எப்போதும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "எங்க அப்பாவுக்கு" என்றேன். அப்புறம் பின்னால் நின்ற பிளம்பர், கையில் குழாயோடு, என் தோள் பக்கம் குனிந்து, "எங்க வீட்லயும்தான் பாப்பா. எப்ப தொறப்பாங்கன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு" என்றார். கவுன்ட்டர் அக்கா படிவத்தை எடுத்து நீட்டினார்.

அன்று சாயங்காலமே நீங்கள் அம்மாவுக்குப் போன் செய்து கத்தியதெல்லாம் எனக்குக் கேட்டது; போனை ஸ்பீக்கரில் போட்டது நான்தான், அதையும் தப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். "வீட்டு விஷயத்தை வரிசையில நின்னு சொல்லிட்டு வந்திருக்கா! அக்கா, எந்தத் தலைப்புலயும் சேராத செலவை அந்தத் தலைப்புல போடறது எங்க ஆபீஸ்ல காலங்காலமா நடக்கிறது. அதுல மட்டும்தான் யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. கேட்க வெட்கப்படுவாங்க" என்றீர்கள். நீங்கள் ஒரு பைசா தொட்டிருக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வெட்கத்தை நம்பித்தான் அந்த மீன் தொட்டியை வைத்திருக்கிறீர்கள். எனக்கு வெட்கம் என்ற ஒன்றே கிடையாது என்று என் மூன்று வயதிலிருந்து சொல்லிவருபவரும் நீங்கள்தான். முதல் முறையாக அது ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படப் போகிறது, தடுக்காதீர்கள்.

ஆகவே மாமா, மூன்று தப்புக்கும் முழு மன்னிப்பு. வெள்ளிக்கிழமை குரலை மாற்ற மாட்டேன், பலகை எதையும் தூக்க மாட்டேன், தலைவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். எழுந்து நின்று என் கேள்வியைக் கேட்டுவிட்டு உட்காருவேன். பத்தொன்பது வரி எழுதிவைத்திருக்கிறேன், மூச்சுவிடாமல் படித்தால் ஒரே கேள்விதான். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள். நீங்கள் போடவில்லையென்றால் வாசலில் நின்று போகிற வருகிற பெரியவர்களையெல்லாம் கேட்பேன், பிளம்பரில் ஆரம்பித்து.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முட்டி சீக்கிரம் மடங்கவும், மனசு அதைவிடச் சீக்கிரம் இளகவும், பேனாவில் மை வற்றாதிருக்கவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதல் தவிர மற்ற எல்லாம் உள்ள உங்கள் மருமகள்,
சில்வண்டு

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. உறை கிடைக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். இன்று செவ்வாய். காலையில் எழுந்து வந்தால் அப்பா இதைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்திருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "கவுன்ட்டர் எத்தனை மணிக்கு?" என்றார். பத்து மணி என்றேன். தெருமுனை வரை வந்து நின்றார். ஒரு பஸ் போனது. அது கண்ணுக்கு மறையும் வரை நின்றார். நான் வாயே திறக்கவில்லை, இது ஒரு சாதனை. அப்புறம் நடந்தார், நானும் நடந்தேன். கவுன்ட்டரில் என் படிவத்தை வாங்கி, என் பெயரை அடித்துவிட்டு, தன் பெயரை எழுதினார். என் பத்தொன்பது வரியையும் அடித்தார். "இந்த ரூமை எந்தத் தேதியில் திறப்பீர்கள்?" என்று ஒரே வரி எழுதினார். கவுன்ட்டர் அக்கா தயங்கி, "சார், நீங்களே எழுந்து நின்னு கேட்கணும், கூட்டம் நிறைய இருக்கும், பரவாயில்லையா?" என்றார். "அறுபது பேரை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டினவன்மா நான்" என்றார் அப்பா.

எனவே உங்கள் கையெழுத்து தேவைப்படாது. மேலே கேட்ட மன்னிப்பு அனைத்தும் இதனால் வாபஸ் பெறப்படுகிறது. வெள்ளிக்கிழமை மைக் உங்கள் கையில் இருக்குமாமே. அப்பா ஒன்று சொல்லச் சொன்னார்: "மச்சானைக் கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு. வரும்போது ஒரு தேதியை மட்டும் கொண்டுவரச் சொல்லு. அதைக் கேட்கிற வரைக்கும் நான் நின்னுகிட்டேதான் இருப்பேன்."