குப்பைத் தொட்டியில் ஒரு ரோஸ் பாக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. ஊரே சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஆர்வில் டேட் படகுத்துறைக் குப்பைத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

முதலில் தர்பூசணித் தோல் வந்தது. அடுத்து என்னவென்று தெரியாத ஒன்று. அதை அவன் பார்க்காமலே திரும்பப் போட்டான். மூன்றாவதாக வந்தது ஒரு காகிதக் கப். மேவிஸ் கடையில் வேகவைத்த கடலை கொடுக்கும் கப். யாருக்குக் காரம், யாருக்கு வெறும் உப்பு என்று குழம்பாமலிருக்க அவள் கப்பின்மேல் பெயர் எழுதிக் கொடுப்பது வழக்கம். இதில் கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது: ராய்ஸ்.

கப்புக்குள் நான்காக மடித்துத் திணித்திருந்த காலி பாக்கெட் ஒன்று. மீனுக்குத் தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் புழு பாக்கெட். ஆர்வில் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான்.

"ரோஸா?" என்றான் தொட்டியிடம்.

ராய்ஸ் அவன் மனைவி நெல்டாவின் அண்ணன். நேற்று நடந்த டாலிவர் ஏரி மீன்பிடிச் சங்கப் போட்டியில் ஐந்து பாஸ் மீன், பத்தொன்பது பவுண்டு, முதலிடம். ஆர்வில் பிடித்தது ஒன்று. செருப்பு நீளம். எடை போடுகிறவர் தராசில் அதை வைத்துவிட்டு, தராசு வேலை செய்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

சங்கத்தில் பன்னிரண்டு பேர். அதற்குமேல் சேர்ப்பதில்லை. தொடர்ந்து மூன்று வருடம் கடைசி இடத்துக்கு வருகிறவன் விலகி, காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு இடம் கொடுக்க வேண்டும். போன வருடம் ஆர்வில் கடைசி. அதற்கு முந்தின வருடமும். இந்த வருடம் இன்னும் இரண்டு போட்டிகள்தான் பாக்கி, இதுவரை அவன்தான் கடைசி. காத்திருக்கிற ஆள் ஒரு பல் டாக்டர்; வீட்டைவிடப் பெரிய படகு வாங்கி வைத்துக்கொண்டு, எதிரே பார்க்கும்போதெல்லாம் ஆர்வில்லைப் பார்த்து அன்பாகச் சிரிக்கிறார்.

வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவனுக்கு, சனிக்கிழமை தண்ணீர்மேல் பன்னிரண்டு பேரில் ஒருவனாக இருப்பது ஒன்றுதான் பிடிமானம். அதுவும் போனால் மிச்சம் பேருந்துகள்தான்.

கோடையில் அந்த ஏரி முழுவதும் பாசிக்கொடி பாய் விரித்ததுபோல் படர்ந்துவிடும். அந்தக் கொடிக்கு நடுவே எந்த நிறப் புழு போட வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: பூசணிப் பச்சை. பூசணித் தோல்போலப் பச்சையும் பழுப்பும் கலந்து, மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி போட்ட நிறம். எல்லோரும் சொன்னார்கள். வெளிப்படையாக, உரக்க, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதனால்தான் ஆர்வில்லுக்குச் சந்தேகம். எல்லோரும் கூசாமல் வெளியே சொல்கிற விஷயம் எப்படி உண்மையாக இருக்கும்?

பத்தடி தூரத்தில்தான் மேவிஸின் கடை. உள்ளே போனான்.

"மேவிஸ் அக்கா, ரோஸ் கலர் புழு இருக்கா?"

மேவிஸ் கடலை அண்டாவிலிருந்து தலையைத் தூக்கினாள். எழுபது வயது. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

"இந்த ஏரியில ரோஸைச் சும்மா கேட்டவன் எவனும் கிடையாது."

உள்ளறைக்குப் போய் பாக்கெட்டுகளை எடுத்து வந்தாள். ஏப்ரனால் தூசியைத் துடைத்து மேசையில் வைத்தாள்.

ஆர்வில் குரலைத் தாழ்த்தினான். "ராய்ஸ் இதை வாங்கினானா?"

"யாரு என்ன வாங்கறாங்கன்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். இந்தக் கடை ஆஸ்பத்திரி மாதிரி." கரண்டியால் அண்டாவை ஒரு கிண்டு கிண்டினாள். "ஆனா ஒண்ணு. ஆறு பாக்கெட்தான் மிச்சம்."

"ஆறையும் குடு."

"கடலை?"

"பல்லு சரியில்லக்கா. கடலையே தொடறதில்ல."

வீட்டுக்குப் போனதும், தன்னிடமிருந்த பூசணிப் பச்சை அத்தனையையும் வாரி சர்ச் நன்கொடைப் பெட்டியில் போட்டான். ஏழைகளுக்கு அவற்றால் என்ன பயன் என்று அவன் யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த ரோஸ் புழு பாசிக்கொடிமேல் விழுந்தபோது, தலைமுடியில் ஒட்டிக்கொண்ட பபிள்கம்போல் இருந்தது. பத்து நிமிடம் பார்த்தான். ஒன்றும் இல்லை. கழற்றிக் கறுப்பைக் கட்டினான். ஒன்றும் இல்லை. நீலம். மறுபடி ரோஸ். ஆமை ஒன்று தலையைத் தூக்கி அதைப் பார்த்தது. பிறகு அவனைப் பார்த்தது. பிறகு மெதுவாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. பத்து மணிக்குள் முப்பத்தொரு முடிச்சு போட்டு, முப்பத்தொரு முடிச்சு அவிழ்த்திருந்தான்.

ராய்ஸின் படகு பக்கத்தில் வந்தது.

"என்ன மாப்ள, காலையிலேர்ந்து குனிஞ்சே இருக்க? ஸ்வெட்டர் பின்னறியா?"

"நீ எதைப் போட்டிருக்க மச்சான்?"

"வேறென்ன, பூசணிப் பச்சைதான்" என்று சொன்ன ராய்ஸ், தூண்டில் முனையைச் சட்டென்று உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டான். அந்த ஏரியில் யார் கேட்டாலும் எல்லோரும் அப்படித்தான் மறைப்பார்கள். ஆனால் ஆர்வில்லுக்கு அந்தக் கை மூடிய விதம் மனதில் தைத்தது. படகு போனபின் வெகுநேரம் அந்த மூடிய கையையே நினைத்துக்கொண்டு, தூண்டிலைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். ஏரியில் சத்தமே இல்லை. சந்தேகப்பட அதைவிட வசதியான இடம் வேறு கிடையாது.

அன்று ராய்ஸ் மறுபடி முதலிடம். ஆர்வில் பூஜ்யம். பல் டாக்டர் கரையில் நின்று, எல்லோருக்கும் முன்பாக ஆர்வில்லுக்கு மட்டும் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்.

ஞாயிறு காலை குப்பைத் தொட்டியில் மறுபடி ராய்ஸ் பெயர் போட்ட கப். உள்ளே காலி பாக்கெட். இந்தத் தடவை ஊதா உடம்பு, மஞ்சள் வால்.

ஆர்வில்லுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தான் ரோஸுக்கு மாறியது ராய்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. உடனே நிறத்தை மாற்றிவிட்டான். தெரியப்படுத்தியது யார்? மேவிஸ் வாயைத் திறக்க மாட்டாள். அவளைத் தவிர ரோஸ் புழுவைப் பார்த்த ஒரே ஆள் வீட்டில் இருக்கிறாள்.

ஊதா எட்டு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நெல்டா சமையலறை மேசையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் அண்ணன்கிட்டப் பேசினியா?"

"எந்த அண்ணன்?"

"உனக்கு எத்தனை அண்ணன்?"

"பேசற அண்ணன் ஒருத்தன்கூட இல்ல. ஈஸ்டர் அன்னிக்கு என் உருளைக்கிழங்கு சாலட்ல உப்பில்லன்னு பன்னெண்டு பேர் முன்னாடி சொன்னவன்கூட நான் எதுக்குப் பேசறேன்?"

"அப்ப ரோஸ் விஷயம் அவனுக்கு எப்படிப் போச்சு?"

"என்ன ரோஸ்?"

"தெரியாத மாதிரி கேக்காத. என் சட்டைப் பையில இருந்துதே."

நெல்டா பீன்ஸைக் கீழே வைத்தாள். "துணி காயவைக்கிற மெஷின்ல உருகி, என் தலையணை உறை பூரா ரோஸாக்கினியே, அதைச் சொல்றியா? அதை நான் எல்லாருக்கும் சொன்னேன்."

ஆர்வில் ஊதா பாக்கெட்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பிறகு, "எல்லாருக்கும்னா, யார் யாருக்கு?" என்றான்.

நெல்டா எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடும்போது முள்கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இருபத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தவளின் முகத்தை ஆர்வில் ஓரக்கண்ணால் துப்பறிந்துகொண்டே சாப்பிட்டான். அவளும் அவன் துப்பறிவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

இனி வீட்டில் எதுவும் கண்ணில் படக் கூடாது என்று முடிவெடுத்தான். ஊதாவை மழைக்கால பூட்ஸுக்குள் வைத்தான். மிச்ச ரோஸை வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகினான். கறுப்பு, நீலம், இன்னும் தன்னிடமிருந்த ஆறு நிறங்களைப் பிரித்துப் பிரித்து வீடு முழுக்க ஒளித்தான். கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சியது. அதை ஓட்ஸ் டப்பாவுக்குள் புதைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை சமையலறையிலிருந்து வந்த அலறலை மூன்றாவது வீட்டுக்காரர் கேட்டு, நாயைத் திட்டினார்.

"ஓட்ஸ்ல புழு!" என்றாள் நெல்டா.

"அது ரப்பர்தான்!"

"நான் ரெண்டு ஸ்பூன் தின்னுட்டேன் ஆர்வில்!"

அடுத்த நான்கு நாட்கள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் பேசவில்லை. மௌனம் குற்றத்தின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டான். அது யாருடைய குற்றத்தின் அடையாளம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கடைசிப் போட்டி. சனிக்கிழமை விடியலில் எழுந்து பூட்ஸைக் கவிழ்த்தான். காலி. வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் காலி. ஒளித்துவைத்த இடம் எல்லாமே காலி. 'போச்சு, அண்ணனிடம் கொடுத்துவிட்டாள்' என்று சமையலறைக்கு ஓடியபோது, ஓட்ஸ் டப்பாமேல் ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. நெல்டாவின் கையெழுத்து.

'எல்லாம் பிஸ்கட் டின்னில், உன் ட்ரக் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இன்னொரு புழுவை இந்த வீட்டில் பார்த்தால் நீயும் ட்ரக்கில்தான்.'

டின்னை அப்படியே படகில் ஏற்றினான். ஏரி நடுவில், கொடிக்குள் படகை நிறுத்திய பிறகுதான் மூடியைத் திறந்தான்.

ரப்பர் புழுவை வைத்திருக்கிற எவனும் செய்யாத காரியம் ஒன்று உண்டு: இரண்டு நிறத்தை ஒன்றாகப் போடுவது. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறிவிடும். நெல்டா பத்து நிறத்தை ஒன்றாகக் கொட்டி, நான்கு நாள் அலபாமா ஆகஸ்ட் வெயிலில் ட்ரக்குக்குள் வேகவைத்திருந்தாள். உள்ளே ரோஸ் இல்லை, ஊதா இல்லை, நீலம் இல்லை. எல்லாப் புழுவும் ஒரே நிறம். பச்சை மாதிரியும் பழுப்பு மாதிரியும் ஒரு கலங்கல். அங்கங்கே கறுப்புப் புள்ளி. எங்கேயோ பார்த்த நிறமாக இருந்தது. எங்கே என்று ஞாபகம் வரவில்லை.

கரைக்குத் திரும்ப நேரமில்லை. ஒன்றை எடுத்துக் கட்டினான்.

மாற்றிப் போட வேறு நிறம் இல்லை. அதனால் அவிழ்க்கவில்லை, முடிச்சுப் போடவில்லை. சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவன் தூண்டில் நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

எட்டே முக்காலுக்கு முதல் மீன் இழுத்தது. மதியத்துக்குள் ஐந்து. இருபத்தொரு பவுண்டு.

எடை போடுகிறவர் மறுபடி தராசைத் தட்டிப் பார்த்தார். இந்தத் தடவை வேறு காரணத்துக்கு. அன்றைய முதலிடம் ஆர்வில். அந்த வருடத்தின் மொத்தப் புள்ளியில் பதினோராவது இடம், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். பல் டாக்டர் எலுமிச்சைச் சாற்றைத் தானே குடித்துவிட்டுப் போனார்.

ராய்ஸ் பக்கத்தில் வந்து தூண்டில் முனையில் தொங்கியதை உற்றுப் பார்த்தான். "என்ன மாப்ள இது, பூசணிப் பச்சைதானே?"

"அப்படியே நெனச்சுக்கோ மச்சான்" என்று ஆர்வில் அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

வீட்டுக்குப் போய் நெல்டாவிடம் டின்னை நீட்டினான். "இதே மாதிரி இன்னொரு தடவை பண்ணித் தர முடியுமா?"

"முதல்ல மன்னிப்புக் கேளு. ஓட்ஸுக்குத் தனியா, அண்ணனுக்குத் தனியா."

இரண்டையும் கேட்டான். அன்று சாப்பாட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது.

மறுநாள் ஞாயிறு. குப்பையைக் கிளற அல்ல, சும்மா தண்ணீரைப் பார்க்கத்தான் ஆர்வில் படகுத்துறைக்குப் போனான். அங்கே சர்ச் சட்டையோடு ஒருவன் குப்பைத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான்?"

ராய்ஸ் விறைத்து நிமிர்ந்தான். கையில் ஒரு கடலைக் கப். அதன்மேல் கறுப்பு மையில் பெரிதாக: ஆர்வில். இன்னொரு கையில் அதிலிருந்து எடுத்த காலி பாக்கெட். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு.

"ஆரஞ்சா?" ராய்ஸ் பாக்கெட்டை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினான். "பூசணிப் பச்சைன்னு என்கிட்டயே பொய் சொன்னியேடா!"

"நீ மட்டும்? ரோஸ், ஊதான்னு போட்டுட்டு என்கிட்டப் பூசணின்னு சொல்லல?"

"ரோஸா? நான் என்ன பொம்மைக் கல்யாணமா நடத்தறேன்? பதினோரு வருஷமா பூசணிப் பச்சையைத் தவிர வேற எதையும் கையால தொட்டதில்ல!"

ஆர்வில் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. தான் நேற்றுக் கடலையே வாங்கவில்லை என்பது அவன் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒருவன், அதுவும் ராய்ஸ், தன் பெயர் எழுதிய குப்பையைத் தேடிப் பொறுக்குகிறான் என்ற பெருமை அந்த நாக்கை மடக்கிவிட்டது.

ராய்ஸ் காத்திருக்கவில்லை. ஆரஞ்சு தீர்வதற்குள் வாங்கிவிடக் கடையை நோக்கி ஓடினான். அவனுக்கு மட்டும் கிடைத்துவிடுமே என்று ஆர்வில்லும் ஓடினான். இருவரும் ஒரே நேரத்தில் கதவில் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

மேவிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். காதுக்குப் பின்னால் கறுப்பு மார்க்கர் பேனா, தோளில் இடுக்கிய டெலிபோன்.

"இல்லப்பா, உன் கம்பெனிக்கு ஆரஞ்சைத் திருப்பி அனுப்பல. ரெண்டு வருஷமா தூசி பிடிச்சுக் கிடந்த உன் ரோஸும் ஊதாவும் ராய்ஸ் பேர் எழுதி நான் குப்பையில போட்ட ரெண்டு கடலைக் கப்பால வித்துக் காலியாயிடுச்சு, நேத்து ஆர்வில் ஜெயிச்சதால ஆரஞ்சுக்கு அவன் பேரை எழுதிப் போட்டிருக்கேன்."